விஷத்தைப் படிக்கப் போகிறாளாம்: ஓர் ஆச்சியின் கவலைக்குப் பதில்

ஆச்சி, விலங்கியல் பி.எஸ்சி. முடிக்கப்போகும் மகள், நச்சியலைப் பரிணாமத்தோடு சேர்த்துப் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். பேசாமல் பி.எட். சேர்க்கலாமா என்கிறீர்கள். வேண்டாம், படிக்கட்டும். ஆனால் எதை முதலில் என்பதில் கறாராக இருங்கள்.

நச்சியலுக்கும் பரிணாமத்துக்கும் என்ன சம்பந்தம்? மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், மாட்டை ஒன்றும் செய்யவில்லை. செத்த மாட்டைத் தின்ற நம் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடையானது. அமெரிக்கக் கண்டத்தில் பிணந்தின்னும் கழுகு ஒன்று இதே மருந்தைத் தாங்குகிறது. வழுக்கைத் தலையும் தொழிலும் ஒன்றுதான், வம்சம் வேறு. பங்காளியா என்றறிய நாம் முகஜாடையா பார்க்கிறோம்? நகரத்தாரில் எந்தக் கோயில் வழி என்றுதானே கேட்கிறோம்.

இன்னொன்று அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில். 1947 முதல் சுமார் 30 ஆண்டு, இரண்டு தொழிற்சாலைகள் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த கழிவை அதில் விட்டன. அங்குள்ள டாம்காட் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மரபணுவில் டி.என்.ஏ. எழுத்துகள் ஆறு குறைவு. அதனால் விஷம் சரியாக ஒட்டுவதில்லை. உடம்பில் பி.சி.பி. ஏறியும் மீன் பிழைக்கிறது. அதை மட்டும் சோதித்தவர் தண்ணீர் நல்லது என்று எழுதிவிடுவார். அதைத் தின்பவர் கதி? உங்கள் மகள் பிடித்திருக்கும் நூலிழை இதுதான். எனக்கு அவள்மேல் மரியாதையே வந்தது.

ஆனால் 'பரிணாம நச்சியலாளர் தேவை' என்று எந்த விளம்பரமும் வராது. பட்டம் நச்சியலிலோ உயிர்த்தொழில்நுட்பத்திலோ இருக்கட்டும். பரிணாமம் ஆய்வுக் கேள்வியாக இருக்கட்டும். பூச்சிமருந்து, மருந்துக் கம்பெனிகளின் சோதனைக்கூடங்கள் எம்.எஸ்சி.க்கே வேலை தரும். ஆராய்ச்சி என்றால், உதவித்தொகையோடு ஆய்வு செய்வதற்கான தேசியத் தேர்வான நெட் ஜே.ஆர்.எஃப். எழுதி லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம்வரை போகலாம். புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரலும் கட்டாயம். விலங்கியல் பிள்ளைகள் பலர் சறுக்குவது அங்கேதான்.

தூரம் பயமென்றால், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சி. எலிகன்ஸ் என்ற புழுவை வைத்து ஆய்வு செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம், மூன்றே நாளில் அடுத்த தலைமுறை. மருந்து கொடுத்துத் தலைமுறைகளைப் பார்க்க அதைவிட வசதி இல்லை. பேராசிரியருக்கு எழுதி, விடுமுறையில் ஒரு மாதம் உட்காரச் சொல்லுங்கள். நாள் முழுக்க நுண்ணோக்கியில் புழு எண்ணப் பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

வரன் பேச்சு நெட் முடியும்வரை பொறுக்கட்டும். அப்பச்சியிடம் நான் பேசுகிறேன்.