அமெரிக்காவில் இ.எம்.டி. தேர்வு சிலருக்கு 70 கேள்வியிலேயே நின்றுவிடுவது ஏன்?

இ.எம்.டி. என்பவர் ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவ உதவியாளர். அங்கே இவர்களுக்கான தேர்வை 1970இல் உருவான நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்பு கணினியில் நடத்துகிறது. கேள்விகள் 70 முதல் 120 வரை.

சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். கண்ணாடிக் கடையில் “இது தெளிவா, அது தெளிவா?” என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு பவரைக் கண்டுபிடிப்பார்களே, அதே வேலைதான். உங்கள் திறன் தேவையான அளவுக்கு மேலா, கீழா என்று உறுதியானதும் தேர்வு நின்றுவிடும். சரியாகச் சொல்லச் சொல்லக் கேள்விகள் கடினமாவதால், நன்றாக எழுதியவரும் “எல்லாமே கஷ்டம்” என்று புலம்பிக்கொண்டுதான் வெளியே வருவார்!

தேறினால் கிடைப்பது சான்றிதழ் மட்டுமே. வேலை பார்க்க உரிமம் தருவது அந்தந்த மாநிலம்.

சீக்கிரம் நின்றால் ஃபெயில் என்று பலர் பயப்படுகிறார்கள். 70இல் நின்று தேறியவர்களும் உண்டு, தவறியவர்களும் உண்டு.