கயிற்றால் வழிகாட்டி, நாயை நடக்கப் பழக்குவது என்றால் என்ன?

கழுத்துப்பட்டியில் கட்டிய கயிற்றை லேசாக இறுக்கி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று காட்டுவதும், நாய் அந்தப் பக்கம் திரும்பிய உடனே கயிற்றைத் தளர்த்துவதும்தான் இது. சொல்லித்தருவது இறுக்கம் இல்லை, அந்தத் தளர்வு. ஒரு பக்கம் தொடர்ந்து இழுத்தால் பெரும்பாலான நாய்கள் எதிர்ப்பக்கம்தான் இழுக்கும், அது அவற்றின் இயல்பு. ஆனால் தான் ஓரடி எடுத்துவைத்ததும் இறுக்கம் போய்விடுகிறது என்று கண்டுகொண்டால் அடுத்தமுறை கெதியாக வரும். வயல் பக்கம் வண்டில் ஓட்டுபவரைப் பாருங்கள், மாடு திரும்பியதும் கை தானாகவே கயிற்றை விட்டுக்கொடுக்கும்.

தளர்வு ஒரு செக்கனுக்குள் வரவேண்டும், பிந்தினால் அது எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. கூடவே அவித்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள் (கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்). 6 அடிக் கயிறு காணும்.

முதலில் வீட்டு வளவு, அப்புறம் ஆளில்லாத ஒழுங்கை, கடைசியாகத்தான் பின்னேரம் சனம் கூடும் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரை. ஓரிடத்தில் கற்றதை நாய் இன்னோரிடத்தில் தானாகச் செய்யாது, அதனால்தான் வளவுக்குள் அழகாக நடந்த நாய் றோட்டில் கட்டாக்காலி நாய்களைக் கண்டதும் எல்லாம் மறந்தமாதிரிப் பாய்கிறது. அப்படியென்றால் இன்னும் தூரத்தில் நின்று பழக்குங்கள், அவ்வளவுதான்.

வெடுக்கென்று சுண்டி இழுத்தால்தான் படியும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அப்படிச் செய்தால் கழுத்து நோவதோடு, அந்த நோவை எதிரே நிற்கும் நாயோடோ ஆளோடோ முடிச்சுப்போட்டு, அவர்களைக் கண்டாலே அது உறுமத் தொடங்கலாம்.