சர்க்கரை ஏறினால் கால் ஏன் தளர்கிறது? (கேள்வி பதில்)

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1. "இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை" என்கிறார்கள். ஆனால் நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுகிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை; 6.5 ஆனால் சர்க்கரை நோய். இந்தக் கோடு நாம் போட்டது. உடம்பில் மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சேரும் குளுக்கோஸில் பெரும்பங்கை இன்சுலின் துணையோடு வாங்கிக்கொள்வது தசைதான். இன்சுலின் சொல்வதைத் தசை கேட்காமல் போனால் சர்க்கரை ஏறும், தசையும் மெலியத் தொடங்கும். தசை மெலிந்தால் சர்க்கரைக்குப் போக இடம் குறைந்து இன்னும் ஏறும்.

ஒன்று செய்து பாருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனாலோ, கை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலோ, கால் பலம் குறைந்திருக்கிறது. மூட்டுவலியாலும் இப்படி ஆகலாம், அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். விநாடிக் கணக்கை ஹெச்பிஏ1சி பக்கத்திலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். எனக்கு இரண்டும் சம முக்கியம்.

கேள்வி: அறுபதுக்கு மேல் சர்க்கரை நோயைத் தடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. அமெரிக்காவில் நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, இவைதான் இலக்கு. நோயாக மாறும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. அறுபது தாண்டியவர்களிடம் 71 சதவீதம்! ஆனால் எடை குறையும்போது தசையும் சேர்ந்தே போகும். பட்டினி கிடந்து இளைக்காதீர்கள்.

கேள்வி: தினமும் நடக்கிறேன். போதாதா?

பதில்: நல்ல பழக்கம், விடாதீர்கள். அதோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்குப் பளு கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல தொடக்கம்.

கேள்வி: அப்பாவுக்கு 81. இன்சுலின் போடுகிறார், ஹெச்பிஏ1சி 6.3. சமீபத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார்.

பதில்: இந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். இந்த வயதில் இன்சுலினோடு 6.3 என்றால் தாழ்சர்க்கரைதான் (ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுவது) என் முதல் சந்தேகம். தலைசுற்றல், தடுமாற்றம், அப்புறம் விழுவது. பல நோய்களோடு வாழும் முதியவர்களுக்கு 8-க்குள் இருந்தாலே போதும் என்கிறார்கள். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து இன்சுலின் அளவைச் சரிசெய்யுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பாதம் மரத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாக எடுத்தால் வைட்டமின் பி12 பரிசோதனையும் கேளுங்கள்.