கடை சாத்தும் நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டு ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடிக்கிறேன். ஆறு முறை நிறுத்தி, ஆறு முறையும் இரண்டாம் நாள் இரவில் தோற்றிருக்கிறேன். ஆசையைவிட, இனி ஒருபோதும் கிடையாது என்ற பயம்தான் என்னைத் தோற்கடிக்கிறது. நிறுத்தினால் எடை கூடும் என்கிறார்கள். என் தாத்தாவோ எண்பத்திரண்டு வயது வரை சுருட்டுப் பிடித்தவர். படிப்படியாகக் குறைப்பதா, ஒரேயடியாக நிறுத்துவதா என்று நீங்கள் சொன்னால் துணிவு வரும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாத்தாவை விட்டுவிடுங்கள். அவரோடு திண்ணையில் அமர்ந்து புகைத்து ஐம்பது வயதில் போய்ச் சேர்ந்தவர்களின் பேரன்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. நான்கைந்து கிலோ கூடினால் சட்டையைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்துக்கொள்ளலாம்.

பயம் என்று நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். மதுரையில் ஓர் அச்சகத்தில் இரவுப் பணியில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் பலகைகளை அடுக்கத் தொடங்கும் ஓசை கேட்டதும் என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகும். ஐந்து இருந்தால் நிம்மதி. மூன்றுதான் என்றால் எழுத்துப் பிழைகள் கண்ணில் படா. ஒருநாள் எண்ண மறந்துவிட்டேன். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பெட்டி காலி. திறந்த கடை தேடி ரயில் நிலையம் வரை நடந்தேன். பாதி வழியிலேயே, புகைக்க வேண்டும் என்ற தவிப்பு அடங்கிவிட்டது. அடங்கியதை நானே கவனித்தேன். ஆனாலும் திரும்பவில்லை. விடியும்வரை கையில் ஒன்றும் இல்லாமல் போய்விடுமே என்றுதான் மிச்ச தூரத்தையும் நடந்து, ஒரு பெட்டி வாங்கி, கடையில் தொங்கிய கயிற்று நெருப்பில் பற்றவைத்தேன். அன்று வேண்டாத ஒன்றைப் பயத்துக்காகப் புகைத்தேன்.

இதைத்தான் நீங்கள் பார்க்க மறுக்கிறீர்கள். நிறுத்தும்போது பயம் வருகிறது என்பது தவறான கணக்கு. கடை சாத்தும் நேரத்திலும், நீண்ட பேருந்துப் பயணத்துக்கு முன்னும், மாமனார் வீட்டு விசேஷத்திலும் பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பயத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறீர்கள். இரத்தத்தில் ஏறிய நிக்கோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. குறையும்போது வரும் பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிக்கிறது. தணித்ததற்கு நன்றியாக அதைத் துணைவன் என்கிறீர்கள். வீட்டுக்குத் தீ வைத்தவனே தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றால் கும்பிடுவீர்களா? 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததாகவே காட்டியது. நீங்கள் எதை இழப்போம் என்று அஞ்சுகிறீர்களோ அந்த நிம்மதி புகையை விட்ட பக்கத்தில்தான் இருக்கிறது.

கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சுமார் 700 பேரிடம் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, நான்கு வாரம் கழித்து, ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும் குறைத்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினரும் புகைக்காமல் இருந்தார்கள். ஆகவே நாள் குறித்து நிறுத்துங்கள். மருந்துக் கடையில் 2 மி.கி., 4 மி.கி. அளவுகளில் நிக்கோடின் கம் கிடைக்கும். அதை மிட்டாய்போல் மென்று தீர்க்காமல், சில முறை கடித்துக் காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். 1800-11-2356 என்ற அரசின் இலவச ஆலோசனை எண்ணை 2018 முதல் சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிடுகிறார்கள். அதைத் தினமும் கையில் பிடித்துக்கொண்டு, துணிவு கேட்டு ஓர் எழுத்தாளனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்களே, ஐயா!

முதல் மூன்று நாட்களில்தான் உடலின் உபாதை உச்சத்தில் இருக்கும். உங்கள் இரண்டாம் இரவு அதற்குள் வருவதால், ஆறு முறையும் மிகக் கடினமான இடத்தில்தான் திரும்பியிருக்கிறீர்கள். அதற்காக உங்களைக் கோழை என்று நான் நினைக்கவில்லை. தவிப்பின் ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களில் தணியும். அந்த இரவு தூக்கம் வராவிட்டால் என்னைப்போல் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். பணப்பையை வீட்டில் வைத்துவிடுங்கள். இப்போது பெட்டிக்கடையிலும் கூகுள் பே இருப்பதால், கைபேசியையும்.