டர்போ போட்ட காருக்கு ஆஃப்டர்மார்க்கெட் இ.சி.யூ.வும் சென்சர்களும் வீட்டிலேயே மாட்ட முடியுமா? எவ்வளவு நாள் பிடிக்கும்?

முடியும், நான் மாட்டியிருக்கிறேன். இ.சி.யூ. என்பது எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர். ஆஃப்டர்மார்க்கெட் என்றால் கார் கம்பெனி கொடுக்காமல் நாம் வெளியில் வாங்குவது. இரண்டு வார இறுதி போதும் என்று கணக்குப் போட்டு மே மாதம் ஆரம்பித்தேன். கார் ஒழுங்காக ஓடியது ஆகஸ்டில். நடுவில் தொலைந்த நாட்களில் பாதிக்கு மேல் ஒரு போல்ட்டுக்கு அடியில் இருந்த பெயிண்டால் போனது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் கார் எது என்று சொல்லிவிடுகிறேன். காருக்குக் கார் வேலை மாறும். என்னுடையது 1990 மாடல் மாஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர், கைக் கியர். நான் இருப்பது டொராண்டோ பக்கம், ஸ்கார்பரோவில். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் சின்ன டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் விசிறி) கிட் ஒன்றைப் போட்டிருந்தார். பூஸ்ட், அதாவது அது ஊதும் கூடுதல் அழுத்தம், 8 பி.எஸ்.ஐ., அரை பாருக்குக் கொஞ்சம் மேல். இ.சி.யூ. மட்டும் மாஸ்டா கொடுத்த அதே பழைய பெட்டி. பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் பிரஷரையும் சேர்த்து ஏற்றிவிடும் ஒரு ரெகுலேட்டரை வைத்துச் சமாளித்திருந்தார். தொண்ணூறுகளில் வந்த கிட்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும்.

அது ஏன் போதாது? அந்த மாடலில் காற்றை அளப்பது ஒரு சின்னக் கதவு. ஏர்ஃப்ளோ மீட்டர் என்ற பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த தகடு இருக்கும், காற்று தள்ளத் தள்ள அது திறக்கும். முழுக்கத் திறந்துவிட்டால் அதற்குமேல் எவ்வளவு காற்று போனாலும் அதற்குத் தெரியாது. டர்போ ஊதினால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். பூஸ்டில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ப்ளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பதும் பழைய இ.சி.யூ.வுக்குத் தெரியாது, ஏனென்றால் அதில் எழுதியிருப்பது டர்போ இல்லாத எஞ்சினுக்கான கணக்கு. 9.4 கம்ப்ரஷன், அதன்மேல் பூஸ்ட், டைமிங்கும் குறையாது என்றால் பிஸ்டன் எத்தனை நாள் தாங்கும் என்பது நம் ஜாதகத்தைப் பொறுத்தது.

நான் வாங்கியது மெகாஸ்க்வர்ட் வகை. புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இருவர் அமெரிக்காவில் ஆரம்பித்து வைத்தது. கிட்டாக வாங்கி நாமே சால்டர் செய்து கட்டலாம், கட்டி முடித்ததாகவும் கிடைக்கும். என்னுடையது கட்டி முடித்தது, காரின் பழைய கனெக்டரிலேயே செருகுவது. செருகும் வேலை இருபது நிமிடம்தான். ஆனால் செருகியதும் கார் ஓடிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன்.

இந்த இ.சி.யூ. காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தம் எவ்வளவு, காற்று எவ்வளவு சூடு, எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். என்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, பெட்ரோல் தெளிக்கும் இஞ்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறப்பது என்று முடிவு செய்கிறது. சென்சர் பொய் சொன்னால் இ.சி.யூ. அந்தப் பொய்யைத் துல்லியமாகப் பெருக்கி வகுத்து எஞ்சினுக்கு ஊட்டிவிடும். அதனால் மேப் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்ற அட்டவணை) எழுதுவதைப் பற்றி இப்போதே யூடியூபில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஒவ்வொரு சென்சரும் உண்மை பேசுகிறதா என்று பாருங்கள்.

ஏர்ஃப்ளோ மீட்டரைக் கழற்றி எறிந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மறுநாள் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரு நொடி பிடித்து உடனே அணைந்துவிடுகிறது. வழக்கமாகப் பின்பக்கம் டேங்கிலிருந்து ‘ங்ங்’ என்று ஒரு முனகல் கேட்கும், சாவியை விட்டதும் அதைக் காணோம். விஷயம் என்னவென்றால், 1.6 மியாட்டாவில் பெட்ரோல் பம்ப்பை ஓடவைக்கும் சுவிட்சே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது! ஸ்டார்ட்டர் சுற்றும் நேரம் தவிர, கதவு திறந்தால்தான் பம்ப் ஓடும். பம்ப் ரிலேயைப் புது இ.சி.யூ.வே இயக்கும்படி ஒரு வயர் மாற்றின பிறகுதான் முனகல் திரும்பி வந்தது. காற்றின் சூட்டை அளக்கும் சென்சரும் அதே பெட்டிக்குள்தான். அதுவும் போனதால் தனியாக ஜி.எம். வகை சென்சர் ஒன்று வாங்கினேன். கைக் கியர் 1.6-இல் த்ராட்டில் சென்சர் என்று இருப்பதும் வெறும் சுவிட்ச், காலை எடுத்தாயா, முழுக்க மிதித்தாயா என்று இரண்டைத்தான் சொல்லும். இடைப்பட்டதைச் சொல்லக்கூடிய சென்சர் தனியாக வாங்க வேண்டும். உங்கள் கார் வேறாக இருந்தாலும், எதையாவது கழற்றுவதற்கு முன் அது வேறு என்னென்ன வேலை பார்க்கிறது என்று வயரிங் படத்தில் தேடிவிடுங்கள்.

அழுத்த சென்சர் என் இ.சி.யூ. போர்டிலேயே இருக்கிறது, 250 கிலோபாஸ்கல் வரை படிக்கும். 8 பி.எஸ்.ஐ. பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டில் ஏறக்குறைய 155, ஆக தாராளம். அதற்குப் போகும் ரப்பர் ஹோஸை மேனிஃபோல்டிலிருந்து தனியாக எடுங்கள், காலை எடுத்ததும் மிச்சக் காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வின் ஹோஸில் டீ போட்டுப் பிரிக்க வேண்டாம். இரண்டு முனையிலும் டை போட்டு இறுக்குங்கள். பூஸ்டில் அது கழன்றால் இ.சி.யூ.வுக்கு வெளிக் காற்றின் அழுத்தம்தான் தெரியும். டர்போ ஊதிக்கொண்டிருக்கும், பெட்ரோல் சாதாரண அளவில் போகும். மூன்று டாலர் ஹோஸுக்கு ஒரு எஞ்சினைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

காற்றுச் சூடு சென்சரை, டர்போ சூடாக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கு அப்புறம், மேனிஃபோல்டுக்கு முன்னால் உள்ள குழாயில் வையுங்கள். நான் முதலில் மேனிஃபோல்டிலேயே துளை போட்டு வைத்தேன், இடம் வசதியாக இருந்தது. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் அலுமினியம் சூடாகி, அதைக் காற்றின் சூடு என்று நினைத்து இ.சி.யூ. பெட்ரோலைக் குறைத்துவிடும். பச்சை விழுந்து காலை வைத்தால் கார் விக்கும். அடுத்த சனிக்கிழமை அந்தத் துளைக்கு ஒரு பிளக் போட்டு மூடினேன்.

சூட்டு சென்சர்கள் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்கும் கேலிப்ரேஷனுக்கு ஒரு கிண்ணம் ஐஸ் தண்ணீர், ஒரு கெட்டில் கொதிநீர், ஒரு மல்டிமீட்டர் போதும். மேலே சொன்ன ஜி.எம். சென்சருக்கு 30 டிகிரியில் 2238 ஓம், 99 டிகிரியில் 177 ஓம் என்ற கணக்கு, லேப்டாப்பிலிருந்து இ.சி.யூ.வை அமைக்கும் ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளில் தயாராகவே இருக்கிறது. எஞ்சினை ஆற்றும் தண்ணீரின் சூட்டை அளக்கும் மாஸ்டாவின் கூலன்ட் சென்சருக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதைக் கழற்றி ஐஸிலும் கொதிநீரிலும் முக்கி நாமே அளந்து எழுத வேண்டும். எனக்கு உதவியவர் இங்கே கராஜ் வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. “எத்தனை ஓம் காட்டுது அண்ணை?” என்றால் மீட்டரைப் பார்த்தபடி “ஓம், ஓம்” என்பார். அவர் ஆமாம் என்கிறாரா, அளவைச் சொல்ல வருகிறாரா என்று புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

டைமிங் லைட் (ப்ளக் பொறி விடும்போதெல்லாம் மின்னும் விளக்கு) இல்லாமல் முதல் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் நிறுத்தி வைத்துவிட்டு, லைட்டை கிராங்க் புல்லியில் அடித்துப் பாருங்கள். அங்கேயும் 10 தெரிய வேண்டும். என்னுடையதில் 14 தெரிந்தது. திரையில் நான் எழுதிய எல்லா எண்ணும் நிஜத்தில் நான்கு டிகிரி முன்னால் பற்றவைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அதைச் சரிசெய்துவிட்டு, 4000 ஆர்.பி.எம். வரை ஏற்றிப் பார்த்து, கோடு நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

இப்போது அந்த பெயிண்ட் கதை.

புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை வைத்துக் காற்று-எரிபொருள் விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சர் இல்லாமல் ட்யூனிங் கிடையாது. பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 சென்சரை டர்போவுக்குப் பின்னால் வரும் குழாயின் மேல்பக்கத்தில், நுனி கீழே பார்க்கும்படி சாய்த்து வைத்தேன், குளிரில் குழாய்க்குள் சேரும் தண்ணீர் அதன் செராமிக்கில் பட்டால் வெடித்துவிடும். அதன் கன்ட்ரோலர் 0 முதல் 5 வோல்ட் வரை ஒரு சிக்னலை இ.சி.யூ.வுக்கு அனுப்பும். ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளி காற்று-எரிபொருள் விகிதம். பூஸ்டில் 11.6 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு அத்தனை பங்கு காற்று, எண் ஏறினால் பெட்ரோல் குறைவு) என்று இலக்கு வைத்து, லேப்டாப்பில் அந்த எண் வரும்வரை பெட்ரோலை வெட்டிக்கொண்டே வந்தேன். வந்தது. கார் பறந்தது. நானும்தான்.

இரண்டு வாரம் கழித்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டர் ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரி பொடிப் பொடியாகப் புள்ளிகள். டெட்டனேஷனின் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) அடையாளம் அது. லேப்டாப் லாக்கில் எல்லாம் 11.6. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் லாக்கைப் பார்க்கவே இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் இருந்த வைட்பேண்ட் டயலையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். டயலில் 12.2, லேப்டாப்பில் 11.6.

“தம்பி, டயல் ஒண்டு சொல்லுது, லேப்டொப் வேற ஒண்டு சொல்லுது. நீர் எதை நம்பினனீர்?”

வண்டியை நிறுத்தாமலே மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனையை வைட்பேண்டின் எர்த் போல்ட்டில் வைத்தார், அது டேஷுக்கு அடியில் பாடியில் இருந்தது. இன்னொரு முனை இ.சி.யூ.வின் எர்த் வயரில். ஒன்றும் காட்டக்கூடாது. ஆனால் 0.2 வோல்ட் காட்டியது. 0.2-ஐ 3-ஆல் பெருக்குங்கள், அதே 0.6 புள்ளி வந்துவிடும். இ.சி.யூ.வின் எர்த் கொஞ்சம் உயரத்தில் நின்றதால், வந்த சிக்னல் அதற்குக் குறைவாகத் தெரிந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று நினைத்து நான் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இ.சி.யூ.வின் எர்த் வயர்கள் இன்டேக் மேனிஃபோல்டில் போய் ஒரு போல்ட்டில் சேர்கின்றன. மேனிஃபோல்டைப் போன குளிர்காலத்தில் கழற்றி, அழகுக்காகக் கறுப்பு பெயிண்ட் அடித்து மாட்டியது நானேதான். எர்த் போல்ட்டின் அடியிலும் பெயிண்ட். அண்ணை அதைக் கழற்றி எனக்குக் காட்டினார். “பெயிண்டுக்கு மேல எர்த் குடுத்தா கரண்ட் என்ன துளைச்சுக்கொண்டோ போகும்?” பதில் சொல்ல வாய் வரவில்லை. உப்புத்தாள் போட்டு அலுமினியம் பளபளக்கும் வரை தேய்த்தோம். வைட்பேண்டின் எர்த்தையும் பாடியிலிருந்து எடுத்து, இ.சி.யூ.வின் எர்த் இருக்கும் அதே இடத்துக்குக் கொண்டுபோனோம். டயலும் லேப்டாப்பும் ஒரே எண்ணைச் சொல்ல ஆரம்பித்தன. நான் மூன்று வாரம் எழுதிய மேப் முழுவதும் குப்பைக்குப் போனது.

அதற்கப்புறம் ட்யூனிங் சீக்கிரம் முடிந்தது. இஞ்ஜெக்டர் கணக்கை மட்டும் சொல்கிறேன், பலர் கண்ணை மூடிக்கொண்டு பெரியதாக வாங்குகிறார்கள். 180 குதிரைத்திறன் வேண்டும் என்றால், டர்போ எஞ்சினில் குதிரைக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைத்தால் மொத்தம் 108 பவுண்டு. நான்கு இஞ்ஜெக்டருக்குப் பங்கிட்டால் தலைக்கு 27. எண்பது சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்பதால் 34 ஆகும். சி.சி. கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 355. பழைய இஞ்ஜெக்டர் இதற்குக் கிட்டேகூட வராது. எதை வாங்கினாலும் அதன் டெட் டைம் (கரண்ட் கொடுத்த பிறகு திறக்க எடுக்கும் நேரம்) அட்டவணை கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மலிவு இஞ்ஜெக்டரில் ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) சரியாக நிற்கவே நிற்காது.

பூஸ்டில் டைமிங் எவ்வளவு என்று கேட்டால் என் எண்ணைத் தரமாட்டேன். என் எஞ்சின், என் டர்போ, இங்கே பம்ப்பில் கிடைக்கும் 94 ஆக்டேன் பெட்ரோல் எல்லாம் சேர்ந்த எண் அது. குறைவாக ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள். டெட்டனேஷனைக் கண்டுபிடித்துச் சொல்லும் நாக் சென்சர் என் காரில் கிடையாது. ஒரு செம்புக் குழாயை நசுக்கி எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டு, அதிலிருந்து ரப்பர் ஹோஸை இழுத்துக் காது மூடியில் செருகி, அண்ணை ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒன்று செய்து கொடுத்தார். அதில் டெட்டனேஷன் தகர டப்பாவில் கூழாங்கல் விழுகிற மாதிரி கேட்கும். ஒருமுறை கேட்டால் மறக்காது. இந்த வேலையை ரோட்டில் செய்ய வேண்டாம். நான் மூன்று மணி நேரம் டைனோ (காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டிச் சக்தியை அளக்கும் இயந்திரம்) எடுத்தேன், பிறகு கயூகா பக்கம் உள்ள டிராக்கில் ஒரு நாள் ஓட்டினேன். டைனோவில் ஏற்றுவதற்கு முன்பே 180 கிலோபாஸ்கலில் பெட்ரோலை வெட்டும்படி பூஸ்ட் கட் வைத்துவிட்டேன். பூஸ்டை எல்லைக்குள் வைக்கும் வேஸ்ட்கேட்டின் ஹோஸ் ஒருமுறை கழன்றபோது அதுதான் காப்பாற்றியது.

சட்ட விஷயமும் ஒன்று உண்டு. ஒன்டாரியோவில் 2019 ஏப்ரல் 1 முதல் சாதாரண கார்களுக்குப் புகைப் பரிசோதனை இல்லை. ஆனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது இன்றும் குற்றம்தான், அதை விட்டுவைத்தே எல்லாம் செய்தேன். இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிட்டேன், பிரீமியம் ஏறியது.

நாள் கணக்குக் கேட்டீர்கள். கையில் எல்லாப் பொருளும் இருந்து, எர்த் சுத்தமாக இருந்தால் மாட்டுவதற்கு நான்கு நாள், ஓடவைத்து ஐடிலை நிறுத்த இன்னும் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் ஸ்டார்ட் தனி. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒருமுறைதான் முயற்சி செய்ய முடியும், அப்புறம் மறுநாள்தான். என்னுடையது 5 டிகிரி வரை ஒரே திருப்பில் பிடிக்கிறது. அதற்குக் கீழே உள்ள குளிருக்கு மேப்பை நான் இன்னும் எழுதவில்லை. நவம்பரில் பனிக்காக ரோட்டில் உப்பு போட ஆரம்பித்ததும் கார் கராஜுக்குள் போய்விடும்.