இடி, நனைந்த பிரேக், கனத்த பந்து

ஐயா, வணக்கம்.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். தினமும் சாயந்திரம் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து டவுனுக்கு ஃபுட்பால் பயிற்சிக்குப் போகிறான். ராட் பிரேக், இரும்பு ரிம் வைத்த பழைய சைக்கிள். மழையில் பிரேக் பிடிப்பதே இல்லை என்கிறான். இடி இடித்தாலும் தூறல் விழாதவரை ஆட்டத்தை நிறுத்துவதில்லையாம். மழைக்காலம் முடியும்வரை போகவேண்டாம் என்கிறார் அவன் அப்பா. எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? பந்து நனைந்தால் கல் மாதிரி ஆகிவிடுகிறதாம், அதற்கும் வழி உண்டா?

எம்., குடியாத்தம்

அன்புள்ள எம். அவர்களுக்கு,

பையனை அனுப்புங்கள். ஆனால் இடி கேட்டால் ஆட்டம் நிற்கவேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும். மின்னலைப் பார்த்ததும் எண்ணச் சொல்லுங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 வினாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே எல்லோரும் கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடவேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வரவேண்டும். கோல்போஸ்ட், விளக்குக் கம்பம், தகரக் கொட்டகை, ரோட்டோரப் புளியமரம் எதன் கீழும் ஒதுங்கக் கூடாது. சைக்கிள் டயர் ரப்பர்தானே, காப்பாற்றும் என்று பையன்கள் நம்புகிறார்கள். காப்பாற்றாது. செல்போன் மின்னலை இழுக்கும் என்பதும் உண்மையில்லை. யாரையாவது மின்னல் தாக்கினால் அவர் உடம்பில் கரண்ட் மிச்சம் இருக்காது, பயப்படாமல் தொடலாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்துகொண்டே 108-ஐ அழைக்கவேண்டும். பயிற்சியாளரிடம் இதை நீங்களே நேரில் பேசுங்கள், பையன் சொன்னால் எடுபடாது.

அப்பா சொல்வதுபோல மொத்த மழைக்காலத்தையும் ஒரே கணக்கில் வைக்கவேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் நம் பக்கம் வருவது சாயந்திர இடிமழை. பகலெல்லாம் வெக்கை, பிறகு பலமநேர் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வரும், திடீரென்று ஜில்லென்று காற்று புழுதியைக் கிளப்பும். மேகத்திலிருந்து விழும் மழை கூடவே தள்ளிவிடும் குளிர்க்காற்று அது. அது முகத்தில் பட்டால் புயல்மேகம் வந்துவிட்டது, கிளம்பவே கூடாது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், காத்திருந்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு ரகம். 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் மாதிரியான புயல்கள் வேலூர் வரும்போது வலுவிழந்துதான் வரும். மின்னல் குறைவு, ஆனால் மழை நாள் முழுக்கப் பெய்யும். அப்போது பயப்படவேண்டியது தரைப்பாலத்துக்கு. 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வந்த வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஓடுகிற தண்ணீர் கணுக்கால் உயரம் தாண்டினாலே ஆளைத் தள்ளிவிடும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் கடக்கக் கூடாது. அந்த மாதிரி நாளில் லீவு போடுவதுதான் சரி.

பிரேக் விஷயத்தில் பையன் சொல்வது சரி. இரும்பு ரிம் வழவழப்பானது. நனைந்தால் பிரேக்கின் ரப்பர் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் நின்றுவிடும், முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. நிற்கவேண்டிய இடத்துக்கு இருபது முப்பது மீட்டர் முன்னாலிருந்தே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தால் கட்டை ரிம்மைத் துடைத்துவிடும், பிறகு அழுத்தினால் பிடிக்கும். இதைத் தெருவில் வாளித் தண்ணீர் ஊற்றிப் பழக்கலாம். குடை பிடித்துக்கொண்டு ஓட்டினால் ஒரு கை போச்சு, ஒரு பிரேக்கும் போச்சு. ரெயின்கோட் போதும், அதன் நுனி செயினில் மாட்டாமல் செருகிக்கொள்ளட்டும்.

பிரேக் கட்டை நாலையும் கழற்றிப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து இரும்புக் கூடு ரிம்மில் உரசினால் மாற்றிவிடவேண்டும், விலை பெரிதில்லை. நல்ல கட்டையாக இருந்தால் பளபளப்பான மேல்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, குத்தியிருக்கும் மணலை ஊசியால் எடுத்துவிடுங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ரிம்மை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், பிசுக்கு நிற்கும். ரிம் கோட்டமாக இருந்தால் கட்டை ஒரு பக்கம்தான் தொடும், கோட்டம் எடுக்காமல் வேறு என்ன செய்தும் பயனில்லை. டைனமோ லைட்டையும் நம்பவேண்டாம். ஈரமான டயரில் அதன் உருளை வழுக்கி வெளிச்சம் அணைந்துவிடும். பேட்டரி லைட் ஒன்றும், பின் மட்கார்டில் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கரும் வேண்டும்.

பந்து கனப்பதற்குக் காரணம் தையல் வழியாகவும் தேய்ந்த மேல்தோல் வழியாகவும் உள்துணி தண்ணீர் குடிப்பது. 5-ம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கவேண்டும். மளிகைக்கடைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். அளவு தாண்டினால் தலையால் முட்டும் பயிற்சி அன்றைக்கு வேண்டாம். துடைத்து, கொஞ்சம் காற்றை இறக்கி, நிழலில் திருப்பித் திருப்பிக் காயவையுங்கள். வெயிலிலோ அடுப்போரத்திலோ வைத்தால் ஒட்டு விட்டுவிடும். காய்ந்தபின் தையலில் மெழுகு தேய்த்துவைக்கலாம். காற்றடிக்கும் ஊசியை நனைத்துச் செருகவேண்டும், இல்லையென்றால் வால்வு கிழியும்.

நனைந்து வந்த அன்றே செயினைப் பழந்துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு புது என்ஜின் ஆயில் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிச்சத்தைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். வேஸ்ட் ஆயில் விட்டால் மணல் ஒட்டிச் செயினை அறுக்கும். சக்கரத்தின் அச்சு மூழ்கும் தண்ணீரில் ஓட்டியிருந்தால் அந்த வாரமே கடையில் ஹப்பைத் திறந்து பால்ரஸ் பார்த்து, கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள்.