இதழோடு வரும் பாகங்களில் போர்க்கப்பல் மாதிரி செய்வது என்றால் என்ன?

ஒவ்வொரு இதழோடும் சில பாகங்கள், பொருத்தும் விளக்கம். எல்லா இதழும் சேர்ந்தால் ஒரு முழுக் கப்பல். பெரிய மாதிரியின் விலையை ஒரே தடவையில் கொடுப்பது கஷ்டம் என்பதால் வந்த முறை இது.

காசிமேட்டில் மரப்படகு கட்டுவது போலத்தான்: முதலில் அடிமரம், அப்புறம் விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் பலகை. ஒரு சட்டம் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் பலகை அங்கே மேடு தட்டும். மெல்லிய பட்டையைச் சட்டங்கள்மேல் வளைத்து வைத்துப் பார்த்து, தூக்கி நிற்கும் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்த பிறகே பலகைக்குப் பசை போடுங்கள்.

சுமார் 251 மீட்டர் நீளமிருந்த ஜெர்மன் கப்பல் பிஸ்மார்க், 200-இல் ஒரு பங்கு அளவில் 1.25 மீட்டர் வரும். வண்ணாரப்பேட்டை வீடுகளில் இடத்தை முதலில் அளந்துகொள்வது நல்லது!

முதல் இதழின் விலைதான் கடைசிவரை என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் அறிமுக விலை, அடுத்தடுத்த இதழ்களுக்குக் கூடும்.